பனை மறையும் இடத்துச் சேறு

சேறு கழுவுவது இருளாயியின் வேலை. மீன் கழுவும் ஊரில் சேற்றைக் கழுவிக் கூலி வாங்கிய ஒரே பெண் அவள்தான்.

மணமேல்குடிக்குத் தெற்கே இருந்த ஒரு சின்ன மீனவக் குப்பம் அது. 1938ஆம் வருஷம் அருளப்பன் என்ற கல்லூரி ஆசிரியர் கடலடிச் சேற்றை ஆராய்வதற்காக அங்கே வந்து ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். அவருக்கு வள்ளம் ஓட்டியவன் இருளாயியின் கணவன் மலையாண்டி, கூடப் போனவன் அவளுடைய அண்ணன் பெரியண்ணன். இரண்டு பேரும் கயிற்றில் ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அடியில் குத்தி, அதில் ஏறிய சேற்றை டின்னில் அடைத்துக் கொண்டுவருவார்கள். இருளாயி அதை மெல்லிய பட்டுத்துணியில் கொட்டி, நல்ல தண்ணீர் விட்டு அலசுவாள். கறுப்பெல்லாம் ஓடியபின் துணியில் ரவை போலக் கொஞ்சம் தங்கும்.

"என்ன இருளாயி, இன்னைக்குச் சேத்துக் கொழம்பா?" என்பார்கள் ஊருணிக்குப் போகிற பெண்கள்.

"ஆமாத்தா. ஒனக்கு ஒரு சட்டி ஊத்தவா?"

அந்த ரவை ஒவ்வொன்றும் ஓர் உயிர் கட்டிய வீடு. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல். அந்த ஒரு செல் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்கிறது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. இருளாயிக்கும் சிலிர்த்திருக்க வேண்டும். அருளப்பன் ஒருநாள் அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "முறுக்குச் சுத்தி வச்ச மாதிரி இருக்குங்க சார். இதுக்குக் கண்ணு, வாயெல்லாம் எங்கிட்டு இருக்கு?"

"கண்ணுமில்ல, வாயுமில்ல. ஒரு சொட்டு உசுரு, அவ்வளவுதான்."

"வாயில்லாம எப்புடிங்க திங்கும்?"

"ஒடம்பையே நூல் நூலா வெளிய விடும். கெடைச்சதச் சுத்தி உள்ள இழுத்துக்கும்."

"சரியான கில்லாடியால்ல இருக்கு."

கரையோரச் சேற்றில் இருப்பது ஒரு வகை, நடுக்கடலில் இருப்பது வேறு வகை என்று அவர் சொன்னார். கோடியக்கரையைத் தாண்டிப் பெருங்கடலுக்குள் போனால், நுரைக்குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டியது போன்ற ஓடுகள் கிடைக்கும். அவை மேல்தண்ணீரில் மிதந்து வாழ்ந்து, செத்தபின் மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்கியவை. அந்தக் குமிழி ஓட்டைத் தன் துணியில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருளாயியைப் பிடித்துக்கொண்டது.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. யாருக்கும் அவள் சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை சொன்ன கையோடு கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை வயிறு தானாகத் தெரிகிறவரை புருஷனிடம்கூட வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

ஐப்பசியில் மலையாண்டி 'ஆழத்துச் சேறு' என்று சொல்லி டின்களைக் கொண்டுவந்து இறக்கினான். இருளாயி ஆசையோடு அலசினாள். துணியில் அதே பழைய முறுக்குதான் தங்கியது. கோடியக்கரையைத் தாண்டிப் போனதாகச் சொன்ன வள்ளம் வெயில் தாழுமுன்பே திரும்பியிருந்ததும் அவளுக்குத் தெரியும். அப்படியே சாரிடம் கொடுத்தாள். அவரும் பார்த்துவிட்டு மலையாண்டியைக் கூப்பிட்டார். கொட்டகை வாசலில் நாலைந்து வள்ளக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மலையாண்டி, இது வெளிக்கடல்ல எடுத்ததா?"

"ஆமாங்க சார்."

"எல்லாம் கரைப்பக்கத்து வகையாவே இருக்கே?"

மலையாண்டி காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவுக எங்கிட்டு சார் அங்கிட்டெல்லாம் போனாக? கரைப்பனை கண்ணுக்கு மறைஞ்சாலே இவுகளுக்கு வயித்தக் கலக்கிரும்."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "வள்ளத்துல ஒரு பனங்கன்ன நட்டுக்கிட்டுப் போப்பா" என்றான். பெரியண்ணன் மட்டும் சிரிக்காமல் தங்கையை முறைத்தான்.

"அவசரம் ஒண்ணுமில்ல, காத்து அடங்கட்டும். தை பொறந்து பாத்துக்கலாம்" என்றார் அருளப்பன்.

"வேணாங்க சார். விடிஞ்சதும் போயி அள்ளிட்டு வாரேன்" என்றான் மலையாண்டி.

வீட்டில் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"வெளாட்டுக்குத்தான சொன்னேன். அதுக்குப் போயி சோத்துமேல கோவத்தக் காட்டுறீகளே."

"கோவமெல்லாம் இல்ல. பசிக்கல."

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், கரைப்பனை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைதான் புருஷன் தொழிலுக்குப் போகலாம். பனை மறைந்தால் வள்ளத்தைத் திருப்பிவிட வேண்டும். இருளாயி இதை அறியாதவள் அல்ல. 'எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் போயிருக்க மாட்டான். சொன்னால் பிள்ளை தங்காதோ என்று பயந்தாள். சொல்லாவிட்டால் அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றும் பயந்தாள். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அவன் போய்விட்டான்.

போன இரண்டாம் நாள் வாடைக்காற்று திரும்பியது. அதன்பின் பெரியண்ணன் மட்டும் வந்தான். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை வேறு ஊர்க்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்திருந்தார்கள். கையெல்லாம் தோல் உரிந்து, உப்பில் வெந்திருந்தது. இருளாயியின் முன்னால் ஒரு டின்னை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"எங்கண்ணே அவுக?"

"திரும்பி வர்றப்பத்தான் காத்து புடிச்சிச்சு. டின்னு உருண்டு ஓடுச்சு. அதக் குறுக்குச் சட்டத்துல கட்டுறேன்னு குனிஞ்சாரு மாப்ள. ஒரே அலைதான், தங்கச்சி. டின்னு கட்டுனபடியே இருந்துச்சு. ஆளக் காணோம்."

அவள் அழவில்லை. "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாகளே" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? அவருக்குத்தான் தெரியுமே." பெரியண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ கருவாட்டு வாடைக்கு எந்திரிச்சுப் போறதப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாரு. அதுக்குத்தான் பனைய விட்டு நகரவே இல்ல. அங்கனயே அள்ளி அள்ளி அடைச்சோம். எங்கிட்டச் சொன்னாரு, 'அவ பயந்து போயிருக்கா, அவளாச் சொல்லட்டும், நீ எதையும் காட்டிக்காத'ன்னு."

இருளாயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள் என்று அவளுடைய மகள் அமராவதி என்னிடம் சொன்னார். அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்தவர் அவர்தான்.

உடல் கிடைக்காமல் போனவருக்கு, அவர் கடைசியாகத் தொட்ட பொருளைக் குழியில் வைத்துக் காரியம் செய்வது அங்கே முறை. துடுப்பு கடலோடு போயிருந்தது. உறவுக்காரர்கள் வேட்டி ஒன்றை எடுத்து வைத்தார்கள். இருளாயி அதை ஒதுக்கிவிட்டு டின்னைக் காட்டினாள்.

அருளப்பன் வந்தார். டின் மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த துளிச் சேற்றை முந்தின நாளே கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்திருந்தார். முழுக்கக் குமிழி ஓடுகள். மலையாண்டி சொன்ன இடத்துக்குப் போயிருந்தான். அவர் கல்நெஞ்சர் அல்ல. வந்ததிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் டின்னைக் குழிப்பக்கம் தூக்கியபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இருளாயி, கேக்கக் கூடாதுதான். வெளிக்கடல் சேறுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கட்டுமா? அவர் பட்ட பாடு வீணாகக் கூடாதுல்ல?"

கூட்டம் முணுமுணுத்தது. பெரியண்ணன் அவர்மேல் பாயப் போனான். இருளாயி அவனைக் கையமர்த்தினாள். டின்னின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அலசாத சேறு, கறுப்பாக, வாடையடித்துக்கொண்டு கிடந்தது.

"இதுல அவுக எந்தப் பக்கம் இருக்காகன்னு எனக்குத் தெரியலைங்க சார்" என்றாள். "எப்புடிப் பிரிச்சுத் தருவேன்?"

மூடியை அழுத்தி மூடி அவளே குழியில் இறக்கினாள். மண்ணைத் தள்ளியவர்களில் அருளப்பனும் ஒருவர்.