மாதாவுக்கு எழுதியதை நான் உடைத்துப் படித்தேன்

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் என்னை ஏமாற்றியவன் எதிரி இல்லை. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன். அந்த வேதனையையும், மாதா எனக்கு இரங்கிய விதத்தையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள், "டெனிஸ் திரும்பவும் பகிடி விடப்போறான்" என்று நினைப்பீர்கள். நினையுங்கள். வேடிக்கைக்காரன் என்ற அந்தப் பெயரை நானே தேடிக்கொண்டேன். அந்தப் பெயர்தான் அன்றைக்கு என்னை அழவும் வைத்தது.

நான் பதினைந்து வயதில் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு டோர்ட்மண்டில் இருந்த அண்ணையிடம் வந்து சேர்ந்தவன். ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்கள் அதிகம். இங்கே என்னைவிடச் சின்னப் பெடியளோடு இருந்து ஒருமாதிரிப் படித்து முடித்தேன். கணக்கு வராது. எழுத்து வராது. வாய் மட்டும் வரும். அந்த வாயை வைத்து ஜெர்மனியில் பிழைக்க ஏலாது. ஒரு தொழிலைப் பழகவேண்டும். அவுஸ்பில்டுங் என்று சொல்கிற அந்த மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி கிடைத்தால் நானும் ஒரு மனிதன். கிடைக்காவிட்டால் அண்ணை வேலை செய்த ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவவேண்டும்.

அண்ணை தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"செப்டெம்பருக்குள்ள இடம் எடு. இல்லையெண்டால் என்ர பக்கத்தில நிண்டு கழுவு. சும்மா இருந்து பல்லுக் காட்டுறதுக்கு இந்த வீட்டில இடமில்லை."

எங்களுடைய தெருவுக்குக் கிட்ட ஒரு கார் கராஜ் இருந்தது. அங்கே ஒரு ஆளைப் பயிற்சிக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். என் சிநேகிதன் ஜெராட்டுக்கு ஜெர்மன் பாஷை, டொச், நல்லாக ஓடும். எனக்கு விண்ணப்பம் எழுதித் தந்தவனும் அவன்தான். அதே இடத்துக்குத் தனக்கும் ஒன்று எழுதினான். இருந்ததோ ஒரேயொரு இடம். இரண்டு கடிதத்தையும் சேர்த்தே தபாற்பெட்டியில் போட்டோம்.

"உனக்குக் கிடைச்சால் எனக்குக் கேக் வாங்கித் தா. எனக்குக் கிடைச்சால் நானே திண்டுகொள்ளுறன்" என்றேன். சிரித்தான்.

அந்தக் கோடை வந்தபோதுதான் அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் பத்திரம் எனக்குக் கிடைத்திருந்தது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டேன். முதல் மூன்று கிழமை ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் முதுகு முறியப் பழம் பிடுங்கினேன். பிறகு எங்கள் பங்கு இளைஞர்களோடு ஒல்லாந்துக்குப் போய் ஒரு முதியோர் இல்லத்துக்கு வர்ணம் பூசினேன். சுவரில் பூசியதைவிட என் தலையில் பூசியது அதிகம். அங்கிருந்து பாரிசுக்குப் போய் பெரியம்மாவின் மகளின் கலியாணத்தில் பந்தி பரிமாறினேன். கடைசியாக லூர்துக்குப் போகும் யாத்திரை பஸ்ஸில், நோயாளிகளுக்கு உதவி செய்யும் தொண்டனாகப் பெயர் கொடுத்தேன்.

இப்படி ஊர் சுற்றுகிறவனுக்குக் கடிதம் வந்தால் யார் பார்ப்பது? அண்ணைக்கு டொச் வாசிக்க வராது, நேரமும் இல்லை. அதனால் எங்கள் வீட்டுத் தபாற்பெட்டியைத் திறக்கும் திறப்பை ஜெராட்டின் கையில் கொடுத்திருந்தேன். பாரிசிலிருந்து வந்த அன்றே அவனிடம் கேட்டேன்.

"கராஜிலயிருந்து ஏதும் வந்ததோ?"

"ஒண்டுமில்லையடா. பீட்சாக் கடை விளம்பரம்தான் வந்தது."

"பீட்சாக்காரனாவது என்னை நினைக்கிறான்."

அப்போதும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

யாத்திரைக்குப் போக முடியாதவர்கள் தங்கள் மன்றாட்டைத் துண்டில் எழுதி, மடித்து, போகிறவர்களிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். லூர்தில் மாதா காட்சி கொடுத்த குகையான கெபியில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. பஸ் வெளிக்கிட முன்னர் எங்கள் பங்குப் பாதர் அந்தத் துண்டுகள் போட்ட துணிப்பையை என்னிடம் தந்தார். நின்ற சனம் சிரித்தது.

"டெனிஸ், இது பகிடிக்குரிய சாமான் இல்லை" என்றார் பாதர்.

"ஓம் பாதர். செத்தாலும் கையை விட்டுப் போகாது."

ஜெராட்டும் ஒரு துண்டு கொண்டுவந்தான். மூன்று பக்கமும் டேப் ஒட்டியிருந்தது.

"ஆரடா பெட்டை? இவ்வளவு டேப் அடிச்சிருக்கிறாய்?"

"பேசாமல் கொண்டுபோய்ப் போடு. மற்ற ஆக்களின்ரயோட சேத்துப் போடு."

பெட்டை விசயம்தான் என்று முடிவு கட்டினேன். அந்தப் பெயர் தெரிந்தால் ஒரு வருடத்துக்கு அவனை வாட்டி எடுக்கலாம். மாதாவுக்கு எழுதியதை எங்கள் ஆட்களில் ஒருவரும் உடைக்கமாட்டார்கள். அதை நம்பித்தான் என் கையிலேயே தந்தான். நான் உடைத்தேன். ஞாயிறு காலை, பிரான்சில் பஸ் நிறுத்திய ஒரு இடத்தில், கோப்பி குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு உடைத்தேன்.

அதில் இப்படி எழுதியிருந்தது:

"மாதாவே, டெனிசுக்குக் கராஜிலிருந்து வந்த கடிதத்தை நான் ஒளிச்சுப்போட்டன். வாற புதன் காலமை பத்து மணிக்கு அவனையும் வரச்சொல்லியிருக்கு. அவன் வந்தால் கதைச்சே அவையளை மயக்கிப்போடுவான். எனக்கு இந்த இடம் கட்டாயம் வேணும். என்னை மன்னிச்சு, இதை வாங்கித்தாரும்."

கோப்பி கையில் ஆறியது. நான் இரண்டாம் தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்தேன். புதன்கிழமை பத்து மணி. எங்கள் பஸ் லூர்திலிருந்து திரும்புவதே வியாழக்கிழமை. எனக்கு விண்ணப்பம் எழுதித் தந்த கைதான் இதையும் எழுதியிருக்கிறது. அதே வளைந்த எழுத்து.

லூர்தில் இறங்கியதும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஜெராட் என்ர கடிதத்தை ஒளிச்சுப்போட்டான்."

"என்ன விசர்க்கதை? நேற்றும் அந்தப் பெடியன் எனக்குச் சாமான் தூக்கித் தந்தவன்."

"உண்மையண்ணை. மாதாவாணை."

"மாதாவிட்டப் போய் நிண்டுகொண்டும் பகிடி விடுறியே? வை போனை."

வைத்துவிட்டார். எங்களோடு வந்த பாதரிடம் சொல்லலாமா? சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பையை என்னிடம் நம்பித் தந்த மனிசன். பயணத்தை விட்டுத் தனியே ரயில் ஏறலாமா? ரஞ்சி அக்காவை யார் தள்ளுவது?

ரஞ்சி அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வயது. ஊரில் ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவவின் சக்கர நாற்காலிக்கு நான்தான் பொறுப்பு. கால்தான் ஏலாது, வாய்க்கு என்னையே வெல்வா. அன்றைக்கு நான் கோபத்தில் கண்மண் தெரியாமல் தள்ளிக்கொண்டு போனேன்.

"தம்பி, என்னைக் கெபிக்குக் கொண்டுபோகச் சொன்னது. நேர மோட்சத்துக்கு இல்லை" என்றா.

நான் சிரிக்கவில்லை. அவ திரும்பிப் பார்த்தா. எல்லாவற்றையும் சொன்னேன்.

"போடா. போன நத்தார்ப் பண்டிகைக்கும் பாதர் குதிரை வாங்கினவர் எண்டு புளுகின ஆள்தானே நீ."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தா. திரும்பவும் மடித்து என் கையில் வைத்தா.

"இதைப் பெட்டிக்குள்ள போடாதை" என்றா. "பத்திரமா வச்சிரு. டோர்ட்மண்டுக்குப் போய் எல்லாருக்கும் காட்டுவம். அவன்ர மூஞ்சையில எறிவம்."

எனக்கும் அதுதான் விருப்பம். துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் பூட்டினேன்.

கெபிக்கு முன்னால் வரிசை மெல்ல நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் பையிலிருந்த துண்டுகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். ஒன்றைத் தவிர. பிறகு மாதாவின் சுரூபத்தைப் பார்த்தேன். செபம் ஒன்றும் வரவில்லை. சண்டைதான் வந்தது. "உமக்கு இது முதலே தெரியும். எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் உம்முடைய சனத்தைத் தள்ளிக்கொண்டு திரியுறன். அங்க அவன் என்ர வாழ்க்கையைத் தள்ளி விழுத்துறான். இதுதானோ நீதி?" கண்ணீர் வந்தது. பகிடி விடுகிறவன் அழுதால் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ரஞ்சி அக்கா பயந்துபோய் என் கையைப் பிடித்தா.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு வந்த கடிதத்தை அவன் ஒளித்தான். மாதாவுக்கு வந்த கடிதத்தை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அவன் செய்த வேலையைத்தான் நானும் செய்துகொண்டு நிற்கிறேன், அதுவும் அவவின் முகத்துக்கு முன்னால் நின்று.

எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அவனுக்கு இடம் கிடைக்கவேண்டும் என்று எழுதிய துண்டு அது. அதை நானே போடுவதா? பின்னால் நின்ற இத்தாலிக்காரர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பித்தானைக் கழற்றி, துண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். "இந்தாரும், உம்முடைய கடிதம். என்ரயையும் கேளும். கோப்பை கழுவ விடாதையும்" என்றேன். அவ்வளவுதான் என் செபம்.

"விசரா!" என்றா ரஞ்சி அக்கா.

சமாதானம் ஒன்றும் வந்து இறங்கவில்லை. நெஞ்சு அப்படியே எரிந்தது. ஆனால் அடுத்த நாள் காலை என்ன செய்யவேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திங்கட்கிழமை, கராஜுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அங்கே பொறுப்பாக இருந்த மைஸ்டர்தான் எடுத்தார். என் உடைந்த டொச்சில் சொன்னேன்: நான் லூர்தில் நிற்கிறேன், நோயாளிகளுக்கு உதவி செய்கிறேன், புதன்கிழமை வர ஏலாது, வேறொரு நாள் தாருங்கள்.

"கடிதம் போய்ப் பத்து நாளாச்சே. ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார்.

ஜெராட்டின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. "கடிதம் என் கைக்கு வரவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

"புதன் என்றால் புதன்தான். உனக்காக நிறுத்தி வைக்க ஏலாது" என்று வைத்துவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். அந்த மூன்று நாளும் தள்ளினேன், தூக்கினேன், தண்ணீர் நிரப்பினேன். ஒரு பகிடிகூட விடவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று பஸ்ஸில் கதைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் ஜெராட் கேக்கோடு வந்து நின்றான். இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அண்ணை அவனைக் கட்டிப்பிடித்தார்.

"உனக்கு அவங்கள் கடிதம் போடேல்லைப் போலயடா" என்றான் என்னைப் பாராமல். "பாவம் நீ."

என் வாய்க்குள் எவ்வளவோ வந்தது.

"ஓம்" என்றேன். "பாவம்தான்."

அவன் கொண்டுவந்த கேக்கைச் சாப்பிட்டேன். அன்றைக்குப் படுக்கையில் மாதாவிடம் சொன்னேன்: "அவன்ரயைக் கேட்டிட்டீர். எனக்கு?"

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. அந்த மைஸ்டர்தான்.

"லூர்திலிருந்து எடுத்தவன் நீதானே? உனக்கு லொறி பிடிக்குமோ?"

அவருடைய சிநேகிதர் ஒருவர் பக்கத்து ஊரான ஹாகனில் லொறி திருத்தும் வேலைத்தலம் வைத்திருந்தார். அங்கே எடுத்திருந்த பெடியன் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டானாம். யாராவது தெரியுமா என்று இவரிடம் கேட்டிருக்கிறார். "விடுமுறைக்குப் போன இடத்திலிருந்து வேலைக்காகப் போன் எடுத்தவன் நீ ஒருத்தன்தான்" என்றார் மைஸ்டர். நான் அடுத்த நாளே போனேன். செப்டெம்பர் இரண்டாம் திகதி வேலைச்சட்டை போட்டேன். அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டார். திரும்பிப் போகும்போது கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

கதை இதோடு முடிந்தால் நல்லாக இருக்கும். ஆனால் ஜெராட்டைக் காணும்போதெல்லாம் நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது. கோவிலில் பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது அவன் கை நீட்டினால் நான் சப்பாத்து நாடா கட்டக் குனிந்துவிடுவேன். அடுத்த தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவனே வந்தான். என் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒளித்த கடிதத்தையும் கையில் வைத்திருந்தான். எறியவில்லையாம். எறிய மனம் வரவில்லையாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

அவன் முடித்தபிறகு சொன்னேன்.

"எனக்குத் தெரியும். உன்ர துண்டை உடைச்சுப் படிச்சனான்."

அவனுடைய முகம் சிவந்தது.

"மாதாவுக்கு எழுதினதை உடைச்சனியோ? நான் உன்னை நம்பியெல்லோ தந்தனான்!"

என்னை ஏமாற்றியவன் என்னைப் பார்த்துச் சொல்கிறான், நான் நம்பித் தந்தேன் என்று! சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டான். மூன்று கிழமை கதைக்கவில்லை. அந்த மூன்று கிழமையில்தான், நம்பிக் கொடுத்தவனுக்கு எப்படி நோகும் என்பதை மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெரிய வெள்ளியன்று பாவசங்கீர்த்தன வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான்.

"நீ முதல் போ" என்றான். "உன்ர பாவக்கணக்குத்தான் நீளம்."

இரண்டு பேரும் சிரித்தோம். பாதர் எட்டிப் பார்த்தார்.

அன்பானவர்களே, உங்களை ஏமாற்றியவனும் நீங்கள் முழங்காலில் நிற்கும் அதே மாதாவிடம்தான் மன்றாடுகிறான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இப்போதும் சில நாட்களில் கஷ்டம்தான். உங்களுக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் சண்டை பிடியுங்கள். அவ முகத்தைத் திருப்பமாட்டா. என்னைக் கைவிடாத அன்னைக்கும், என் கிரீஸ் பிடித்த இந்தக் கைகளுக்கு வேலை தந்த ஆண்டவருக்கும் கோடி நன்றி. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.