பின்கதவோரம் வைத்த மாவுப் பானை

அன்று காலை ஆறு மணிக்கு மருதாயி பானையைத் திறந்தபோது, மாவு முதல்நாள் மாலை இருந்த மட்டத்திலேயே கிடந்தது. நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். முந்நூறு இட்லிக்கு ஓடர். பகல் பன்னிரண்டுக்கு லொறி வரும். மாவு ஏன் பொங்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடையில் நான் இட்லி மாஸ்டர். ஒன்பது வருஷமாக மாவு கரைப்பது நான்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு மருதாயி எங்கள் கடைக்கு மாவாட்ட வந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் அவளே கரைத்தும் வைத்தாள். மறுநாள் காலை, தினமும் நான்கு இட்லி சாப்பிடும் தபால்கந்தோர் ஐயா இன்னும் இரண்டு கேட்டார்.

"மாஸ்டர், இன்னைக்கு என்ன செஞ்சீங்க? பஞ்சு மாதிரி இருக்கே."

"அது மருதாயி கரைச்சதுங்க" என்றார் முதலாளி. பிறகு என்னிடம், "இனி கரைக்கிறத அது பாக்கட்டும். நீங்க அவிச்சு எடுங்க" என்றார்.

அவள் கை மாவுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. யாராவது இட்லியை மெச்சினால் அவருக்குச் சட்னியைக் குறைத்து வைத்தேன். அவ்வளவு கீழே போயிருந்தேன்.

குளிருக்காகப் பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைப்பது அவள் வழக்கம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை அவள் பஸ்ஸுக்குப் போனதும் சாக்கை உருவி மடித்து வைத்தேன். பானையைப் பின்கதவோரம், காற்று வரும் இடத்துக்கு நகர்த்தினேன். காலையில் முதல் ஆளாக வந்து பானையைத் திரும்ப அடுப்போரம் வைத்தேன். சாக்கைச் சுற்ற மறந்துவிட்டேன்.

"உன்னய நம்பி ஒத்துக்கிட்டேன் பாரு. நீ தோட்டத்துக்கே போயிரு" என்று முதலாளி அவளிடம் கத்தினார்.

அவள் மடித்திருந்த சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாவு கெடலீங்க. குளிர் அடிச்சிருக்கு. பத்து மணி வரைக்கும் விடுங்க."

அடுப்பில் அண்டாவை ஏற்றி, வெந்நீர் ஊற்றி, பானையை உள்ளே இறக்கினாள். "அண்ணே, கை பொறுக்கிற சூடு. ஆறவும் விடாதீங்க, கொதிக்கவும் விடாதீங்க. நீங்களே பாத்துக்குங்க."

நான்கு மணி நேரம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு விறகை அதிகமாக உள்ளே தள்ளினால் போதும், மாவு வெந்து கெட்டு அவள் வேலை போய்விடும். அந்த நினைப்பும் வந்தது. தள்ளவில்லை. பத்து மணிக்கு மாவு பொங்கி மேலே வந்தது. லொறி நேரத்துக்குப் போனது.

தட்டுகளைக் கழுவும்போது, "சாக்க எடுத்தது நீங்கதானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க அண்ணே."

மாலையில் முதலாளியிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இரண்டு மாதம் கழித்துத்தான் அவளிடம், "எப்படிக் கரைக்கிற?" என்று கேட்க வாய் வந்தது.

"நேத்து மாவுல ஒரு கை மிச்சம் வச்சு இதுல கலக்குறேன். அவ்வளவுதாண்ணே."

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் எரியத்தான் செய்யும். அன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள். மருதாயி சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.