வாசலில் கழற்றிய செருப்பு

போன காலுக்காக நான் அழுது முடித்துவிட்டேன். இப்போது அழுவதெல்லாம் இருக்கிற காலுக்காக.

சர்க்கரைப் புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் வேண்டிக்கொண்டது இதுதான்: முருகா, என்னை மறுபடி நடக்க வை, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் படியேறி வருகிறேன். திருத்தணியில் பிறந்தவன் வேறு என்ன வேண்டிக்கொள்வான்? வேனில் மேலே போய் இறங்குவதை எங்கள் வீட்டில் காவடி என்று சொல்லமாட்டோம். படிதான்.

காயம் ஆறிய பிறகு சென்னையில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அங்கே நடை பழக்கிய பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கம்பிகளுக்கு நடுவே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். பயப்படாமல் முழு எடையையும் அந்தக் கால் மேல் விட வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். என் நல்ல கால் வலது. கோயில் படியில் வலது காலை முதலில் வைப்பதுதானே வழக்கம்? முருகனே பார்த்துத்தான் இடது காலை எடுத்திருக்கிறான் என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

புறப்படும்போது அவள், "செருப்போடதான் நடக்கணும் அய்யா. இந்தச் செருப்பு உயரத்துக்குத்தான் காலை வெச்சிருக்கோம்" என்றாள்.

"ஆங், சரிம்மா" என்றேன். தெருவில் நடப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் எப்படிச் செருப்பு போடுவது? எங்கள் வீடு ஒரே கூடம். மூலையில் வேலும் விளக்கும். அதன் எதிரேதான் சாப்பாடு, படுக்கை எல்லாம். வாசலில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றிவிடுவேன். செயற்கைப் பாதத்தை என் மனைவி ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். வலது பாதத்தையும் திருப்பிப் பார்ப்பாள், எங்காவது முள், கீறல் இருக்கிறதா என்று.

செருப்பில்லாமல் நடந்தால் சமதரையே மேடாகத் தெரியும். முழங்கால் பின்பக்கம் தள்ளும். அந்தக் காலில் எடையை விடப் பயந்து, சட்டென்று வலது காலுக்குத் தாவுவேன். இடுப்பைத் தூக்கிப் போட்டு, உடம்பைச் சாய்த்து, எப்படியோ ஒரு நடை வந்துவிட்டது. காவடிக்கு வெறுங்காலில்தானே ஏற வேண்டும், பழகட்டும் என்று வெளியிலும் செருப்பை விட்டேன். தெருமுனை, கடைத்தெரு, பிறகு சரவணப் பொய்கை வரை போய் வந்தேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். அவனுக்கு எதுவும் கேலிதான்.

"இன்னா பாவா, வாத்து மாதிரி ஆடிக்கினு வர்ற? காவடிய தோள்ல வெச்சா போதும், அது தானா ஆடும் போலகீதே!"

"டேய், வாய மூடு. நடக்குறாரே, அது போதும். கண்ணு வெக்காத" என்றாள் அவன் அக்கா.

நானும் சிரித்தேன்.

ஆனி மாதம் வலது முழங்கால் வீங்கியது. எழுந்திருக்கும்போது உள்ளே மணல் அரைபடுவதுபோல் இருக்கும். தைலம் தேய்த்துப் பார்த்தோம். விபூதி பூசிப் பார்த்தோம். கேட்கவில்லை. மறுபடி சென்னைக்கே போனோம். டாக்டர் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் அனுப்பினார். செருப்போடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் நடக்கச் சொன்னாள்.

"வீட்ல எப்பவும் வெறுங்கால்தானா அய்யா?"

"சாமி இருக்குற வூடும்மா."

அவள் செயற்கைப் பாதத்தைத் தட்டிக் காட்டினாள். "செருப்பக் கழட்டினா சொந்தக் கால்ல கணுக்கால் மடங்கிச் சரி பண்ணிக்கும். இதுல அது இல்லையே. அந்தக் குறைய உங்க இடுப்பும் முதுகும் இந்த முட்டியும்தான் தாங்கியிருக்கு. சொல்லியிருந்தா வெறுங்காலுக்கே வெச்சுக் குடுத்திருப்பேன் அய்யா. நானும் கேக்காம விட்டுட்டேன்."

"இப்ப மாத்தி வெச்சா சரியாப் பூடுமாம்மா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நடை சரியாகும். தேஞ்ச முட்டி திரும்பாதும்மா. இனிமே படி ஏறக் கூடாது. இந்தக் காலும் போச்சுன்னா அய்யாவால நிக்கவே முடியாது."

ரயில் மணவூர் தாண்டியது. என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செருப்பையே கழுவித் தொடச்சு உள்ளாற விட்டிருக்கலாங்க. சாமி இன்னா சொல்லியிருக்கப் போறாரு."

அரக்கோணம் தாண்டி மலை தெரிந்தபோது இருவருமே கும்பிட்டோம். கையெடுக்காமல் இருக்க முடியவில்லை.

கிருத்திகையன்று காவடியை அவள் எடுத்தாள். மஞ்சள் புடவை, தோளில் பூக்காவடி. அவள் தம்பி கூடப் போனான். அன்றைக்கு அவன் கேலியே பேசவில்லை. படிக்கட்டின் அடியில் என்னை நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு, அவள் கேட்டாள்.

"இன்னாங்க, அவருகிட்ட உங்களுக்காக இன்னா கேக்கட்டும்?"

"வலது கால விட்டுவைக்கச் சொல்லு."

அவள் தன் வலது காலை முதல் படியில் வைத்தாள். அரோகரா என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் அவள் சொன்ன அரோகரா தனியாகக் கேட்கவில்லை. காவடிகளுக்கு நடுவே அவள் காவடி எது என்று தெரியாமல் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் கவனித்தேன். வலது முழங்கால் நோகிறதென்று, முழு எடையையும் செயற்கைக் கால் மேல் விட்டு நின்றிருந்தேன். வெறுங்காலுக்கென்று அந்தச் சென்னைப் பெண் மாற்றி வைத்துக் கொடுத்த கால். ஆடாமல் தாங்கிக்கொண்டிருந்தது.