கவாத்து செய்யாத செடிகள்

மேல்பாறையில் அன்னக்கிளியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ரேஷன் கடையில் அரிசி குறைந்தாலும், எஸ்டேட் மேஸ்திரி கொழுந்து எடையில் கை வைத்தாலும் முதலில் எழுவது அவள் குரல்தான். அப்படிப்பட்டவள், பேசியே தீர வேண்டிய ஒரு நாளில் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். பால் பல் விழாத வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, நீலகிரியின் இந்த மூலையில் மறுபடியும் ஒரு லயத்துக்கே வந்து சேர்ந்தாள். கணவன் பரமசிவன் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, வேறொரு குடும்பம் கிடைத்துவிட்டது. அவனைத் தலைமுழுகிவிட்டு, கொழுந்து பறித்தே மகன் சுரேஷையும் மகள் ராஜகுமாரியையும் வளர்த்தாள்.

சுரேஷ் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். எஸ்டேட் நிலத்தில் கல் நடவோ சமாதி கட்டவோ நிர்வாகம் விடாது. அதனால் லயத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மலை விளிம்பில் புதைத்துவிட்டு, தலைமாட்டில் இருக்கும் தேயிலைச் செடியை அதன்பின் கவாத்து செய்யமாட்டார்கள். மற்ற செடிகளெல்லாம் வெட்டுப்பட்டு இடுப்புயரத்தில் நிற்க, அது தன் போக்கில் மரமாகிவிடும். வெளியாளுக்கு ஒன்றும் தெரியாது. அன்னக்கிளி வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் நின்று, "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை மாட்டுவாள்.

பிறகு எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியை மூடினார்கள். பஜாரில் பாதிக் கடைக்குப் பூட்டு விழுந்தது. ராஜகுமாரி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கினாள். பஞ்சுத் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. போனில் மகள் பேசியதைவிட இருமியதையே தாய் அதிகம் கேட்டாள். ஊரில் ஒரு வேலை இருந்தால் நாளைக்கே கூப்பிட்டுக்கொள்வேன் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் புலம்பினாள். உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்தச் சமயத்தில்தான், அரசாங்கம் சுற்றுலாவுக்கு ஒதுக்கிய பணத்தில் மேல்பாறைக்குக் கண்ணாடித் தரை போட்ட காட்சிமேடை வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கவுன்சிலர் ரவிச்சந்திரன் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மேடை வந்தா காரு வருமுங்க, காரு வந்தா கடை தொறக்குமுங்க. நம்ம ஊட்டுப் புள்ளைகளுக்கேதான் வேலைங்க."

எந்த இடத்தில் என்று கேட்டால் மட்டும் மனிதர் பேச்சை மாற்றினார். பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற இடம் ஊரில் ஒன்றுதான். பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள் தங்களுக்கு லயமே போதும் என்று இருந்துகொண்டு, அந்த நல்ல இடத்தைச் செத்தவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

இடம் பார்க்க ஊட்டியிலிருந்து பொறியாளர் வந்தார். நல்ல மனிதர், ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். "இங்க கோயில், சுடுகாடு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி பிரச்சினைன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும்."

கூடியிருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு அங்கே இருந்தது தாத்தாவோ பெரியப்பாவோதான். பெற்ற பிள்ளையைப் புதைத்தவள் அன்னக்கிளி ஒருத்தி. அதனால் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் ஊரே அவள் பின்னால் நின்றிருக்கும்.

பொறியாளர் மரங்களைக் கைகாட்டினார். "ஏம்மா, இதை மட்டும் ஏன் கவாத்து பண்ணாம விட்டிருக்கீங்க?"

"ஆளு பத்தலைங்க சார்," என்றாள் அன்னக்கிளி.

பொறியாளரோடு வந்திருந்த ரவிச்சந்திரன் தலை குனிந்துகொண்டார். அவள் நேரே வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும், அதுவும் வரவில்லை. மறுநாள் மரத்தடிக்குப் போய், "தங்கச்சிக்காகத்தான்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜேசிபி வந்தது. மரங்களைப் பிடுங்கி, மேட்டைச் சீவி, மண்ணைப் பள்ளத்தின் பக்கம் தள்ளிச் சமப்படுத்தினார்கள். எலும்பையாவது எடுத்து வேறிடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் ஒன்றுமில்லை என்று சொன்னவள் எந்த வாயால் போய்க் கேட்பது? வேலை நடந்த மாதங்களில் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்கள் வந்தன. பஜாரில் கடைகள் திறந்தன. ராஜகுமாரிக்கு டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்தது; பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். மகளின் இருமல் குறையக் குறைய அன்னக்கிளி மறுபடியும் ஊரை அதட்ட ஆரம்பித்தாள். செய்தது சரிதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், கூட்டம் வருவதற்கு முன் ராஜகுமாரி அம்மாவை மேடைக்கு அழைத்துப்போனாள். கண்ணாடிக்குக் கீழே சிமெண்டுத் தூண்களும் புதிதாகப் பதித்த புல்லும் தெரிந்தன.

"அண்ணன் எந்தப் பக்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்னக்கிளி சுற்றிலும் பார்த்தாள். மரம் இல்லை, மேடு இல்லை, நடந்து வந்த தடம் இல்லை. மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அதோ, அந்த மூலைல," என்று கையை நீட்டினாள்.

ராஜகுமாரி செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய், மண்டியிட்டு, கண்ணாடியில் நெற்றி பட வெகுநேரம் கும்பிட்டாள். நீட்டிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அன்னக்கிளி அப்படியே நின்றாள்.