கறுப்புப் பஞ்சு

போன மாதம் அத்தையின் மாமியார் என்னைத் தி.நகர் வீட்டுக்கு வரவழைத்து, எந்தத் தண்ணீர் ஃபில்டர் வாங்கலாம் என்று கேட்டார். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஃபில்டர் வடிவமைப்பது என் வேலை. உறவுக்காரர்கள் இப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். போர்த் தண்ணீரா, லாரித் தண்ணீரா, மொட்டைமாடித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். வழக்கம்போல என் பார்வை அத்தை பக்கம் போயிற்று.

"அவளுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? நீதான் படிச்ச பொண்ணு, நீயே பாத்துச் சொல்லு" என்றார் மாமியார்.

அத்தை காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஃபில்டர் என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டதே அத்தையிடமிருந்துதான். அப்போது நாங்கள் மந்தைவெளியில் இருந்தோம். அப்பாவுக்கு மயிலாப்பூரில் பாத்திரக் கடை. அத்தை அப்பாவின் தங்கை. வேதியியல் படித்துவிட்டு, தேனாம்பேட்டையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் அது மனிதர் வாயிலிருந்து வரக்கூடாது. பல்லி சொல்லலாம், பூனை சொல்லலாம், ஜாதகம் சொல்லலாம். அதற்கு முந்தைய வருஷம் அடையாறிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்தார். இருவரும் பால்கனியில் நின்று பேசினார்கள். அத்தை சிரித்த சத்தம் ஹால் வரை கேட்டது. அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்த நேரம் பார்த்து சாமி விளக்கு அணைந்துவிட்டது. மறுநாளே அப்பா போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஃபேன் காத்துல அணைஞ்சுதுண்ணே" என்றாள் அத்தை.

"அந்தக் காத்து ஏன் அந்த நேரம் பாத்து வரணும்?" என்றார் அப்பா.

அத்தை படித்திருந்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

அதற்கப்புறம் வரன் எதுவும் கூடிவரவில்லை. வாஸ்து பார்க்கிறவர் ஒருவரை அப்பா அழைத்து வந்தார். அவர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலையில் மீன்தொட்டி வைக்கச் சொன்னார். தங்க நிற மீன்களும், அவற்றோடு திருஷ்டியை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு கறுப்பு மீனும் வேண்டுமாம். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். கலங்கினால் பெண்ணுக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அத்தையும் நானும் மீன் கடைக்குப் போனோம். கண்ணாடித் தொட்டியும் மீனும் வாங்குவது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஃபில்டரில்தான் நேரம் போயிற்று. கடைக்காரர் மோட்டார் வைத்த ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார்.

"இத்த போட்டுக்கினா தண்ணி கீதா இல்லியான்னே தெரியாது சார். மீனு காத்துல நீந்திக்கினு போற மாரி இருக்கும்."

அப்பாவுக்கு அது போதும். அத்தை மட்டும் அதன் வாய்க்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கண் பிதுங்கிய எங்கள் கறுப்பு மீன் பாலித்தீன் பையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இழுப்பு ஜாஸ்தியா இருக்குண்ணே. இவன் சரியா நீந்த மாட்டான், போய் ஒட்டிக்குவான். அந்தப் பஞ்சு ஃபில்டர் வாங்கலாம்."

அவள் காட்டியது ஒரு கைப்பிடி அளவு கறுப்புப் பஞ்சு. ஒரு குழாய் வழியாகக் காற்று போய்க் குமிழ் விடும். பார்க்க அசிங்கமாக இருந்தது.

"இன்னா அக்கா, ஊட்ல ஷோவுக்கு வெக்கிறீங்க, இத்தப் போய் கேக்குறியே? மீன் டாக்டரா நீ?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"தண்ணி தெளிவா இருந்தாப் போதும்மா எனக்கு. மீனைப் பத்தி என்ன?" என்றார் அப்பா.

"தெளிவா இருக்கறது வேற, மீன் உயிரோட இருக்கறது வேறண்ணே."

அப்பா பர்ஸை எடுத்துவிட்டார், மோட்டாருக்காக. அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மீன் செத்தா சகுனம் ஆகாதேண்ணே."

அப்பாவின் கை அப்படியே நின்றது. பஞ்சு ஃபில்டரையே கட்டச் சொன்னார். அத்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஃபில்டரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். பஞ்சில் படிவது எல்லாம் அழுக்கு இல்லை. மீன் கழிவைத் தின்று தீர்க்கும் கிருமிகள் அதில்தான் குடியிருக்கின்றன. அதனால் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, அதிலிருக்கும் குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் லேசாகப் பிழிய வேண்டும். பளிச்சென்று ஆக்கிவிடக் கூடாது.

முதலில் தண்ணீர் பால்போல் கலங்கியது. அப்பா கடைக்காரரையும் அத்தையையும் மாறி மாறித் திட்டினார். "கிருமி வளரணும்ல, பொறுங்க" என்றாள் அத்தை. பிறகு ஒரு நாள் காலையில் தொட்டிக்குப் பின்னாலிருந்த சுவரின் விரிசல்கூடத் தெரிந்தது. அப்பா உடனே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார்.

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்கள் வீட்டு வரன் அப்போதுதான் வந்தது. ஜாதகம் பொருந்தியது. மருமகள் வேலைக்குப் போவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு வேண்டாம்ணே" என்றாள் அத்தை. ஹாலில் சொன்னாள், மாடிப்படியில் சொன்னாள், அப்பா சாப்பிடும்போது பக்கத்தில் நின்று சொன்னாள். சமையலறைக்கு வந்து, "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அம்மாவிடமும் கேட்டாள்.

"நான் சொல்லியா உங்கண்ணன் கேக்கப் போறாரு?" என்று அம்மா மிக்ஸியைப் போட்டாள்.

அப்பா கோபப்படக்கூட இல்லை. தொட்டியைக் கை காட்டினார். "தண்ணியப் பாரும்மா, எப்படித் தெளிஞ்சு கிடக்கு! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அவள் தேர்ந்தெடுத்த ஃபில்டர், அவள் வளர்த்த கிருமி, அவள் தெளிய வைத்த தண்ணீர். அதுவே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

அவர்கள் பெண் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து வந்தபோது வீட்டில் நீச்சல்குள வாடை அடித்தது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் அத்தை குந்தியிருந்தாள். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் டப்பா. வாளியில் வெள்ளையாக நின்ற தண்ணீரில் பஞ்சை அமுக்கி அமுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அத்தை! தொட்டித் தண்ணிலதான கழுவணும்?"

"நீ போய் மூஞ்சி கழுவிட்டுக் கவுன் மாத்து."

அவள் கண் சிவந்திருந்தது. பவுடர் நெடி என்று நினைத்தேன். அலசாமலே பஞ்சை எடுத்துப் போய்த் தொட்டிக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டாள். குமிழ்கள் வழக்கம்போல மேலே வந்தன.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது தண்ணீர் அதற்கு முன் எப்போதும் இல்லாத அளவு தெளிவாக இருந்தது. ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் அம்மாவின் புடவையை இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் உட்கார்ந்து கேசரியைக் கையில் எடுத்தபோது, கறுப்பு மீன் கடைசியாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மற்றவை அதற்கு முன்பே ஒருக்களித்துவிட்டிருந்தன.

நான் ஓவென்று அழுததில்தான் எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பட்டுப்புடவையில் தலை குனிந்து நின்ற அத்தை அன்று முதல் முறையாக நிமிர்ந்தாள். அப்பாவை நேராகப் பார்த்தாள். விளக்கு அணைந்த அன்று அவர் எடுத்த முடிவை இப்போதும் எடுப்பார் என்று காத்திருந்ததைப்போல.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தொட்டிக்கருகே வந்தார். குனிந்து பார்த்தார்.

"எல்லாமேவா போயிருச்சு?"

"காலைல வரைக்கும் நல்லாத்தான்..." என்று அப்பா குழறினார்.

"அட, நல்லதுக்குத்தான்! பொண்ணு மேல கெடந்த திருஷ்டி மொத்தத்தையும் மீனு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. கறுப்பே போயிருச்சுன்னா இனி என்ன தடை? தட்டை மாத்திருவோம்."

அப்பா பெருமூச்சு விட்டார். யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மீன்களுக்குக்கூட ஒருவர் நன்றி சொன்னார். அத்தை மறுபடி தலை குனிந்தாள். பெண்ணுக்கு வெட்கம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தை சின்ன வலையால் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பால்கனித் துளசித் தொட்டியில் வேண்டாம் என்று அம்மா சொல்லவே, செம்பருத்தித் தொட்டியில் புதைத்தாள். நான் அவளோடு பேசக்கூடாது என்றிருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"நீதான அத்தை சொன்ன, குளோரின் ஆகாதுன்னு? மறந்துட்டியா?"

"ஆமாடா. மறந்துட்டேன்."

இவ்வளவு படித்தவள் இதை எப்படி மறப்பாள் என்று ஆத்திரமாக வந்தது. கல்யாணத்துக்குள் ஆத்திரம் ஆறி, இரக்கமாகிவிட்டது. புகுந்த வீட்டிலும் வடகிழக்கு மூலை ஒன்று இருக்கும், அங்கேயும் தொட்டி வைப்பார்கள், அங்கேயும் மறந்துவிடுவாள். அதனால் டிராயிங் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எல்லா விதிகளையும் எண் போட்டு எழுதினேன். முதல் விதியைச் சிவப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்: பஞ்சைப் பிளீச்சிங் பவுடரில் கழுவக் கூடாது.

தி.நகருக்குக் கிளம்பும் காரில் அவள் ஏறிய பிறகு, ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினேன். அத்தை முழுவதையும் படித்தாள். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு, "இனிமே மறக்க மாட்டேன்" என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்து அத்தை கற்றுக்கொண்டாள் என்று எனக்கு அன்றைக்கெல்லாம் ஒரே பெருமை.