வைரவன் சாரை நிற்க வைத்தவர்

தங்கபுஷ்பம் அக்காவுக்குப் பழிவாங்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் அவருடைய தேங்காய்ச் சட்டினியை ஒரு முறை குறை சொல்லிப் பார்க்கலாம். எங்கள் அம்மா அமீனா பீ சொன்னார். "உப்பு கொஞ்சம் கம்மியா கீது" என்றார், அவ்வளவுதான். அடுத்த தடவை வந்த சட்டினியைத் தொட்டு நக்கியதும் என் தம்பி கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா எதிரே உட்கார்ந்து, "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று அன்பாகக் கேட்டார்.

கொரோனா வந்த வருடம், ஊரடங்கு போட்ட வாரத்தில், ராயப்பேட்டையில் எங்கள் மாடி அறைக்கு அவர் குடிவந்தார். வயது நாற்பதை ஒட்டி. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாம் மாடி நைட்டி செக்ஷனில், கல்யாணப் பேச்சு வந்து வந்து அலுத்துப்போகும் அளவுக்கு வருடங்கள் வேலை பார்த்தவர். வேலை பார்த்தவர் என்பதைவிட நின்றவர் என்பதே சரி.

அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. கஸ்டமரே இல்லாவிட்டாலும் கூடாது. அலமாரியில் சாயக் கூடாது. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலுக்கு லீவு கொடுக்கிற கொக்கு வேலையும் கூடாது. இதையெல்லாம் பார்ப்பதற்கு வைரவன் என்று ஒரு ஃப்ளோர் மேனேஜர். கண்ணாடிக் கூண்டுக்குள் கேமராப் படத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் மைக்கோடு இருப்பார். "நைட்டி நாலு, சாயாத" என்று கூரையிலிருந்து குரல் வரும், அசரீரி மாதிரி. நைட்டி நாலு என்றால் நைட்டி செக்ஷனின் நான்காவது கவுண்டர். அங்கே நின்றவர் அக்கா.

"எனக்குன்னு ஒரு பேரு இருக்கதே அந்தாளுக்குத் தெரியாதுட்டி ரூபீனா" என்பார் என்னிடம்.

பக்கத்துக் கவுண்டர் மதுமதிக்கு இருபது வயது. அந்த மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நேரே கூண்டுக்குப் போய், "சார், கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டாள். பதில் மைக்கில் வந்தது: "நைட்டி செக்ஷனுக்கு ஒரு மகாராணி வந்திருக்காங்க. யாராச்சும் சிம்மாசனம் கொண்டாங்கப்பா." கஸ்டமர்கள் சிரித்தார்கள். மதுமதி திரும்பி வந்து நின்றாள். நின்றபடியே இருந்தவள், அப்படியே மடிந்து நைட்டிக் குவியல் மேல் விழுந்தாள்.

சில நாளில் கடையை மூடினார்கள். பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலையும் சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார் வைரவன். கோயம்பேட்டில் ஊரே திரண்டு நின்றது. ஒரு பஸ்ஸில் ஓர் ஆளுக்குத்தான் இடுக்கு இருந்தது. அக்கா மதுமதியை உள்ளே தள்ளிவிட்டார். அவள் திருநெல்வேலி வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அக்கா, தன்னிடம் நைட்டி வாங்க வந்து சிநேகமான எங்கள் அம்மாவைத் தேடி, ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

வெயில் காலம் முற்றியபோது மாநகராட்சியில் காய்ச்சல் கணக்கெடுக்க ஆள் எடுத்தார்கள். அக்காவுக்கு வேலை கிடைத்தது. தொப்பி, மாஸ்க், முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தாள், கையில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. கொடுத்த இடம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு முட்டுச்சந்து. தினமும் வீடு வீடாகப் போய் எல்லோர் நெற்றியிலும் துப்பாக்கியைக் காட்டி, சளி இருக்கா, இருமல் இருக்கா, வாசம் தெரியுதா என்று கேட்க வேண்டும்.

யாரும் கதவைத் திறக்கவில்லை. "இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், போம்மா" என்று பால்கனியிலிருந்தே விரட்டினார்கள். காய்ச்சல் என்று தெரிந்தால் வாசலை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். அதனால் இருமல் வந்தால் எல்லோரும் தலையணைக்குள் இருமினார்கள்.

சந்தின் கடைசி வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டுக்கு வந்தார். லுங்கி, பனியன், தாடைக்குக் கீழே தொங்குகிற மாஸ்க். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று தூணில் சாய்ந்துகொண்டார். குரலைக் கேட்டதுமே அக்காவுக்கு உள்ளங்கால் கூசியது. அது கூரையிலிருந்து வந்த குரல். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. இத்தனை உறைக்குள் இருந்தால் எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் எங்கள் அடுப்படியில் அக்கா கரண்டியைப் போட்ட வேகத்தில் பூனை ஓடிவிட்டது.

"சாஞ்சிக்கிட்டு நிக்கான்! என் கண்ணு முன்னால சாஞ்சிக்கிட்டு நிக்கான்!"

"தூண் மேல தானே சாஞ்சான்? உன் மேலயா சாஞ்சான்?" என்றார் அம்மா. "நாளைக்கே அந்த ஊட்ல காய்ச்சல் கீதுன்னு எழுதிக் குடுத்துரு. தகரம் அடிச்சிக்கினு உள்ளயே கெடக்கட்டும்."

"இல்லாத காய்ச்சலையா? அவன் பொண்டாட்டி ஜெயஸ்ரீ ஒரு பாவம்க்கா. அவளையும்ல சேத்து அடைப்பாங்க. எனக்கு அது வேண்டாம்." அக்கா அடுப்பைக் குறைத்தார். "அந்தாளு வாயால ஒரு தடவை 'உக்காரலாமா'ன்னு என்கிட்ட கேக்கணும். கூடாதுன்னு நான் சொல்லணும். அது போதும்."

அதற்கான யோசனை எங்கள் அடுப்படியில்தான் பிறந்தது. யார் தலையில் பிறந்தது என்பது இங்கே அவசியமில்லை.

மறுநாள் அக்கா கேட்டில் நின்று சொன்னார்: "புது ரூல் சார். உடம்புச் சூடு அடங்கணும். கொஞ்ச நேரம் நேரா நின்ன பொறவுதான் அளவு சரியா வரும்."

"எவ்வளவு நேரம்மா?"

"நான் திரும்பி வார வரைக்கும். சாயாதீங்க சார், தூணுச் சூடு உடம்புல ஏறிரும்."

அந்த வருடம் காலையில் ஒரு ரூல், சாயங்காலம் ஒரு ரூல். எதையும் யார் போட்டது என்று எவரும் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. நின்றார். அக்கா மற்ற எல்லா வீடுகளையும் மெதுவாகச் சுற்றிவிட்டு, வழியில் ஒரு நாய்க்குப் பொறை ரொட்டி வாங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் வந்து நெற்றியில் துப்பாக்கியை வைத்தார். "நார்மல்."

இப்படியே தினமும். ஆனால் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சந்து பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்குக் கதவைத் திறக்காதவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டார்கள். நமக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையே என்ற பயம். எதிர்வீட்டு சுரேஷ்குமார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதைச் சந்தின் வாட்ஸப்பில் போட்டார். காலைக் கொஞ்சம் அகட்டி நின்றால் அளவு இன்னும் துல்லியமாக வரும் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தார். அடுத்த நாள் அக்கா போனால், ஒவ்வொரு வாசலிலும் குடும்பம் குடும்பமாகக் காலை அகட்டி நிற்கிறார்கள், போட்டோ எடுக்கப் போகிற மாதிரி.

ஆனால் வைரவன் 'உக்காரலாமா' என்று கேட்கவே இல்லை. முகம் வியர்த்தது, உதடு காய்ந்தது, ஆனால் நின்றார். நிற்பதில் அவர் கைகாரர் போலிருந்தது. ஒரு நாள் கொசு கடித்ததோ என்னவோ, லுங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைச் சொறிந்தார். அக்கா பார்த்தார். நீல நரம்புகள் மண்புழு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. அக்காவின் கால்களும் அப்படித்தான். மேனேஜர் ஆவதற்கு முன்னால் அவரும் எங்கோ ஒரு கவுண்டரில் வருடக்கணக்கில் நின்றிருக்கிறார்.

"அப்ப வுட்ருடி. அவனும் கஷ்டப்பட்டவன் தானே" என்றார் அம்மா.

"வலி தெரியாதவன் செஞ்சா வுட்ருவேன்க்கா" என்றார் அக்கா. "தெரிஞ்சவன்லா செஞ்சிருக்கான்." அன்றிலிருந்து இன்னும் மெதுவாகச் சுற்றினார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சந்தின் நடுவில் இருந்த வீட்டு மாடியில் பூஜா என்று ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பம். அவளும் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அக்கா திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரைத் தேடிக் கையை நீட்டினாள், உடனே 'ரூல்' ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். கண் மேலே செருகியது.

அக்கா ஓடினார். "நாற்காலி! யாராவது நாற்காலி கொண்டாங்க!" என்று கத்தினார். பூஜாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தொப்பியைக் கழற்றி விசிறினார். அவள் கண் திறந்ததும் அக்கா சந்தின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! ரூல் மாறியாச்சு! இனிமே யாரும் நிக்க வேண்டாம், உக்காந்தே பாத்துக்கிடலாம்!"

"எப்பலேர்ந்தும்மா?" என்றார் சுரேஷ்குமார்.

"இப்பலேர்ந்து!"

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுரேஷ்குமார் போனை எடுத்து டைப் அடிக்க ஆரம்பித்தார். வாசல்தோறும் நாற்காலி இழுக்கிற சத்தம். கடைசி வீட்டிலிருந்து வைரவன் குரல் வந்தது, மைக் இல்லாமல், சின்னதாக.

"அப்ப நானும் உக்காரலாமாம்மா?"

கேட்டுவிட்டார். அக்கா அவர் கேட்டுக்குப் போனார்.

"நீங்க கூடாது சார். கேமராவுல தெரியும்."

வைரவன் அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு முருங்கைமரம்தான் இருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார். முகக் கண்ணாடிக்குள் இருந்த கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ... நைட்டி நாலு?"

"பேரு சொல்லுங்க சார். சொல்லிட்டு உக்காருங்க."

"செல்வியா?" என்றார். அக்கா துப்பாக்கியை நெற்றியில் வைத்து, "நார்மல்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று பாயசம் வைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கேட்டான். கூடாதுன்னும் சொல்லிட்டேன். வயிறு நெறயலையே ரூபீனா." அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாள் வைரவன் அக்காவுக்கு முன்பே கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்காரவில்லை.

"தங்கபுஷ்பம்" என்றார். "கடை ஆளுங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன். உக்காரும்மா."

"என்னை வுடுங்க சார். சிம்மாசனம் கேட்டாளே ஒருத்தி, அவ பேரு?"

அவர் போனில் தேட ஆரம்பித்தார்.

"மதுமதி. நம்பர் தாரேன். உங்க போன்லயே போடுங்க. எனக்கும் கேக்கணும்."

அவர் போட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"ஹலோ, யாரு?"

"நான் வைரவன் பேசுறேன்மா."

அந்தப் பக்கம் தட்டு ஒன்று உருண்டோடி விழுகிற சத்தம். "சார்! சொல்லுங்க சார்!"

"என்ன சத்தம்மா அது?"

"ஒண்ணுமில்ல சார். கீரை ஆஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சிட்டேன் சார்."

அக்காவின் கையிலிருந்த துப்பாக்கி கேட்டில் இடித்தது. எங்கோ திருநெல்வேலிச் சீமையில், தன் வீட்டு வாசலில், கடையும் இல்லை, கவுண்டரும் இல்லை, அந்தக் குரலைக் கேட்டு அந்தப் பிள்ளை எழுந்து நின்றிருக்கிறாள்.

"ஏட்டி, உக்காருட்டி!" அக்கா போட்ட சத்தத்தில் சந்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்கள்.

"அக்கா? நீங்களா? சார் பக்கத்துல..."

"சார் நிக்காரு. நீ உக்காரு. உக்காந்தாச்சா?"

"உக்காந்துட்டேன்க்கா."

வைரவன் தொண்டையைச் செருமினார். "மதுமதி, அன்னிக்கு மைக்ல நான் பேசுனது தப்பு. ரொம்பத் தப்பும்மா."

"அதெல்லாம் பரவால்ல சார்..."

"பரவால்லங்காதட்டி!" என்றார் அக்கா. "கேட்டு வச்சுக்கோ. பதில் சொல்லாத."

மதுமதி மெல்ல, "காய்ச்சல் அப்பமே சரியாயிட்டுக்கா" என்றாள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். ஒருவர் போனை இன்னொருவர் தொடக் கூடாது என்பது அந்தக் காலத்தில் நிஜமான ரூல். அதனால் வைரவன் சார் போனை அக்காவின் காதுக்கு எட்டுகிற மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தார் அக்கா. முட்டுவலி முடிந்து, தம்பிக்குப் பார்த்த பெண் முடிந்து, வெள்ளாடு இரண்டு குட்டி போட்ட கதைக்கு வந்தார்கள். ஒன்று கிடா, ஒன்று பெட்டை. எது முதலில் வந்தது என்பதில் மதுமதிக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு தகராறு. அக்கா இரண்டு தரப்பையும் முழுதாக விசாரித்தார். சார் போனைக் கை மாற்றிக்கொண்டார்.