காரை வீட்டுக்கு வந்த அத்தை

எங்கள் ஊரில் காரை வீடு என்றால் ஒன்றுதான். கீழக்குயில்குடிப் பக்கம், சமணமலையைப் பார்த்த தெருவில், அப்பாவின் பாட்டனார் சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டியது. பஞ்ச காலத்தில் ஊரே அதன் முற்றத்தில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்ததாம். எழுபதுகளின் கடைசியில், நான் நாலாம் வகுப்பு படித்தபோது, அது பூட்டிக் கிடந்தது. சுவரில் ஓர் அரசங்கன்று என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தது. "வவ்வாலு குடும்பம் நடத்துற வீடு" என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாழடைந்தது என்று வெறுமனே சொல்ல வராது. அதிலும் யாரையாவது குடிவைத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

பெரியப்பா அதை இடித்துவிட முடிவுசெய்தார். பரவையிலிருந்து ஒரு மர வியாபாரி வந்து தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்த்தார். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடப்பாரை போடலாம் என்று பேச்சு முடிந்தது. அப்பா தம்பி. அண்ணன் சொல்லுக்கு ஆட்டுவதைத் தவிர அந்தத் தலைக்கு வேறு வேலை கிடையாது என்பாள் அம்மா.

ஆடி பிறந்த கையோடு, டவுன் பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியுடன் அத்தை இறங்கினார். பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. மதுரையில் மில் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர்.

"என்னத்தா, சொல்லாமக் கொள்ளாம?" என்றார் பெரியப்பா.

"புதுப்பொண்ணை ஆடிக்குப் பொறந்த வீட்டுக்கு அழைக்கணும்ல? நீங்க மறந்துட்டீக. அதான் நானே வந்துட்டேண்ணே."

அத்தைக்கு அப்போது பாதித் தலை நரைத்திருந்தது. தெருவே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அவர் காரை வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்.

கொத்தனார் முதலில் பிடிகொடுக்கவில்லை. "ஆடியில வேலை தொடங்குறதில்லக்கா."

"தொடங்குனது உன் பாட்டன் காலத்துல. நீ மிச்சத்தைப் பாரு."

ஆடி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதருக்கு அந்த நியாயம் பிடித்துப்போயிற்று. அரசங்கன்றை வேரோடு தோண்டினார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பு அரைத்தார்கள். கருப்பட்டித் துண்டு பொறுக்க நாங்கள் ஈ மாதிரி மொய்த்தோம். காசு ஏது என்று யாரும் கேட்கவில்லை. அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்ததைப் பார்த்தவர்கள் கேட்கத் தேவையுமில்லை.

ஆடிக்காற்றில் ஓடு மாற்றினால் பறந்துவிடும் என்றார்கள். அத்தை சேலையை வரிந்து கட்டி, ஏணி வைத்து ஏறி, கூரைமேல் உட்கார்ந்துகொண்டார். "இனிப் பறக்கட்டும், பாப்போம்."

கீழே பெரியப்பா, யாரிடமோ சொல்வதுபோல் தெருவுக்கே சொன்னார்: "இடிக்கப்போற வீட்டுக்கு அலங்காரம் பண்றாளாம்!"

"பொணத்தைக்கூடக் குளிப்பாட்டித்தானண்ணே அனுப்புறோம்!" என்று கூரையிலிருந்து பதில் வந்தது.

ஆவணியில் லாரி வந்தது. வியாபாரி, ஆட்கள், கடப்பாரைகள், முன்னால் பெரியப்பா. அத்தை நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் சுவர்கள் முட்டை ஓடு மாதிரி வெளுத்திருந்தன.

"கட்டிக் குடுத்த பொண்ணு நீ. இதுல ஒரு செங்கல்லாவது உனக்குப் பாத்தியதை உண்டா?"

"இல்லண்ணே. பாத்தியதை உள்ளவுக இடிக்க வந்திருக்கீக. இல்லாதவ பூசி வச்சிருக்கேன். ஊரு பாத்துக்கிரட்டும்."

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா."

அப்பாவின் தலை அன்றைக்கு ஆடவில்லை. வாய்தான் திறந்தது. "என் பங்கை இடிக்க விடமாட்டேண்ணே. எது என் பங்குன்னு கோடு போட்டுட்டு, மிச்சத்தை இடிச்சுக்கங்க."

பாகம் பிரிக்காத வீட்டில் எங்கே போய்க் கோடு போடுவது? "மொதல்ல நீங்க கோட்டைப் போட்டு முடிங்க, பெறகு வாரேன்" என்று வியாபாரி லாரியில் ஏறிவிட்டார். பெரியப்பா அதன் புழுதிக்குள்ளேயே நடந்து போனார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி அத்தை இங்கேதான். ஒவ்வோர் அறையாக ஓடிப் பார்த்துவிட்டு வந்து கேட்டேன்: "அத்தை, நீங்க எந்த ரூம்ல இருக்கப் போறீக?"

கொத்தனாரின் கரண்டி நின்றது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மொதல்ல செவுரு காயட்டும்டி" என்றார் அத்தை, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே.

சரி, காய்கிறவரைக்கும்தான் பெட்டியில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சன்னலில் மலை தெரிகிற அறைதான் அவருக்குப் பிடிக்கும் என்று நானாக முடிவுசெய்து, விளக்குமாற்றைத் தேடி எடுத்து, மூலை விடாமல் பெருக்க ஆரம்பித்தேன்.